இருபத்திரண்டரை அங்குலம்

குரோம்பேட்டையில் எங்கள் ஃபிளாட் 860 சதுர அடி. ஆடிட்டர் ஆபீஸில் பதினொரு வருடம் வவுச்சர் அடுக்கிவிட்டு, இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். பகல் முழுக்க வீட்டில் இருக்க நேர்ந்தபோதுதான் அந்த 860 சதுர அடியில் கால் வைக்க இடமில்லை என்பது உறைத்தது. அந்த எரிச்சலில் ஐந்து மீட்டர் டேப் ஒன்றும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கினேன். இன்று வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, கலர் கார்டையும் பத்திரிகைப் படங்களையும் எடுத்து உள்ளே வையுங்கள் என்பதுதான். அவற்றுக்கு முறை பிறகு வரும்.

முதல் வாரம் முழுக்கச் சொந்த வீட்டை அளக்க வேண்டும். ஒவ்வொரு சுவரையும் தரையோரம் ஒரு தடவை, இடுப்பு உயரத்தில் ஒரு தடவை, தலைக்கு மேல் ஒரு தடவை. எங்கள் படுக்கையறைச் சுவரில் கீழுக்கும் மேலுக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம் வந்தது. அலமாரி செய்வதற்கு மூன்றில் சிறியதுதான் கணக்கு. மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் வழியே நல்ல வழி: மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே அளந்தால் 5 அடி வர வேண்டும். ஜன்னலின் அடி தரையிலிருந்து எத்தனை அங்குலம், பீம் எவ்வளவு இறங்குகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சுவிட்ச் போர்டு எங்கே, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். சுவிட்ச் போர்டைக் குறிக்காமல் போனால் அது பிறகு அலமாரிக்குள் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வாரம் டேப்பை வைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். வீட்டில் எந்தப் பொருள் எங்கே போய் விழுகிறது? எங்கள் வீட்டில் ஹெல்மெட் சோபாவில், வண்டிச் சாவி ஃப்ரிட்ஜ் தலையில், ஈரத்துண்டு டைனிங் நாற்காலி முதுகில், இருபது லிட்டர் தண்ணீர் கேன் அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு. புத்தகப் படங்களில் வரும் வரவேற்பறைகளில் ஹெல்மெட் போடுகிறவர் யாரும் குடியிருப்பதில்லை. கேன் தண்ணீருக்கும், மாற்று சிலிண்டருக்கும், கிரைண்டருக்கும், செருப்புக்கும் இடம் ஒதுக்காமல் போடுகிற எந்தத் திட்டமும் சென்னையில் மூன்று நாள் தாங்காது.

அந்த வாரத்தில்தான் அத்தையைப் பார்த்தேன். மாமியாரை ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் குக்கர் மூடியைத் திறக்கும்போது அவர் குதிகாலை உயர்த்துவது கண்ணில் பட்டதில்லை. பில்டர் மேடையை 34 அங்குலத்தில் போட்டிருந்தார். அதன்மேல் அடுப்பு நாலைந்து அங்குலம், அதன்மேல் குக்கர். அத்தை உயரம் நாலடி பத்தங்குலம். “அத்தே, கைய மடக்கி நேரா நில்லுங்க” என்று முழங்கை உயரத்தை அளந்தேன், 36. வேலை செய்யும் மேடை முழங்கைக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே இருந்தால்தான் தோள் வலிக்காது. அவருக்கு 31 போதும். கிரானைட்டை உடைக்கக் காசில்லை. அதனால் மேடையின் முழு நீளத்துக்கும் இரண்டரை அங்குல உயரத்தில் மரச்சட்டத் தளம் ஒன்று அடித்துத் தரையில் போட்டோம். நிற்கும் இடத்தில் மட்டும் போட்டால் கால் தடுக்கும்; முழு நீளத்துக்கும் போட்டால் அதுவே தரையாகிவிடும். ஏறி நின்று குக்கரைத் திறந்துவிட்டு அத்தை சொன்னார்: “நான்தான் வயசாகிக் குறுகிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்மா.” நான் செய்த முதல் டிசைன் அதுதான். போட்டோ எடுத்தால் ஒன்றும் தெரியாது.

மூன்றாவது, வரைவது. கிராஃப் தாளில் ஒரு சென்டிமீட்டரை ஓர் அடியாக வைத்து அறையை வரையுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை அதே அளவில் கட்டில், சோபா, பீரோ என்று வெட்டி அதன்மேல் நகர்த்துங்கள். நடைபாதைக்கு மூன்றடி விடுங்கள், நெருக்கடியில் இரண்டரை. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒன்றரை அடி. அலமாரிக்கு முன்னால் மூன்றடி இல்லையென்றால் தள்ளு கதவு. அட்டை விளையாட்டில் முடிவுக்கு வந்ததும், செய்தித்தாளை முழு அளவில் ஒட்டித் தரையில் விரித்து இரண்டு நாள் அதைச் சுற்றி நடக்க வேண்டும். என் கணவர் முதல் நாளே ‘சோபா’வை நாலு தடவை மிதித்துவிட்டார். அந்தச் சோபாவை வாங்கவில்லை. ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளின் இலவச வடிவத்தைப் பிறகு கற்றுக்கொண்டேன். வாடிக்கையாளருக்குக் காட்ட அது வேண்டும். யோசிக்க இன்றும் அட்டைதான்.

இதற்குப் படிப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு வழி போட்டவர்களில் ஒருவரான எல்சி டி உல்ஃப் நாடக நடிகை. நாற்பது வயதுக்கு மேல் இந்தப் பக்கம் திரும்பி, 1907-ல் திறந்த நியூயார்க் காலனி கிளப்பின் உள்ளலங்காரத்தைச் செய்தார். நம் நாட்டிலும் இன்டீரியர் வேலை செய்ய லைசென்ஸ் கிடையாது. ஆனால் விசிட்டிங் கார்டில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 1972-ம் வருடச் சட்டப்படி, பதிவு செய்தவர்களுக்கே அந்தப் பட்டம். தூணையும் பீமையும் தொடவேண்டிய வேலை வந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அங்கே துணிச்சல் வேண்டாம்.

பள்ளிக்கூடம் கடைத்தெருதான். சைடன்ஹாம்ஸ் ரோடு பிளைவுட் கடைகளுக்கு வாரநாளில் மத்தியானம் மூன்று மணிக்குப் போனால், கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். பலகையில் குத்தியிருக்கும் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். ஐஎஸ் 303 பொதுப் பயன்பாட்டுப் பலகை, ஐஎஸ் 710 கடல்தரம். சிங்க் அடியில் 710 போட வேண்டும்; படுக்கையறை அலமாரிக்கும் அதையே தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டியதில்லை. பலகை எட்டுக்கு நாலடி. இரண்டாக அறுத்தால் 24 அங்குல ஆழத்தில் இரண்டு துண்டு கிடைக்கும் என்று காகிதத்தில் தோன்றும். கிடைக்காது. ரம்பம் தன் பங்குக்கு ஒரு நூல் தின்னும். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ராஜஸ்தானிலிருந்து வரும் தச்சர்கள் அதையே சூத் என்பார்கள். 24 அங்குலம் என்று பிடிவாதமாக வரைந்து கொடுத்தால் பலகைக்கு ஒரு துண்டுதான் தேறும், மீதி வீண். 23¾ என்று வரைந்தால் இரண்டும் தேறும், சட்டையும் இடிக்காமல் தொங்கும். வீட்டுக்காரருடைய செலவில் பாதி இந்த மாதிரிக் கால் அங்குலங்களில் இருக்கிறது. சோபா துணியில் பேரம் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

நிறத்துக்கும் இப்போதுதான் முறை. லேமினேட் மாதிரித் துண்டைக் கடையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடை விளக்கு பெரும்பாலும் 6500 கெல்வின், பகல் வெளிச்சம்போல நீலம் ஓடிய வெள்ளை. வீட்டில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு போட்டிருந்தால் கடையில் பார்த்த சாம்பல் நிறம் சேற்று நிறமாக வந்து நிற்கும். துண்டை வாங்கி வந்து காலை பத்து மணிக்கும், சாயங்காலம் விளக்கு போட்ட பிறகும், பொருத்தப்போகும் இடத்திலேயே நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். மேஜையில் படுக்கப்போட்டால் நிறம் வேறாகத் தெரியும்.

பழகுவதற்குத் திரைச்சீலையைப்போல நல்லது இல்லை. தப்பு செய்தாலும் சுவர் போகாது. ஐந்தடி ஜன்னல் என்றால் கம்பி இரண்டு பக்கமும் அரையடி தாண்டி ஆறடி, அதாவது 72 அங்குலம். மடிப்பு நன்றாக விழ இரு மடங்கு, 144. துணி அகலம் 54 என்றால் மூன்று பாகம். கம்பியிலிருந்து தரைக்கு 84 அங்குலம், மேலும் கீழும் மடிக்க 12, ஆக 96. மூன்றுக்கு 288 அங்குலம், ஏழரை மீட்டர் வாங்கினால் சரி. எழும்பூர் பாந்தியன் ரோட்டு காட்டன் ஸ்ட்ரீட்டில் ஏற்றுமதி மிச்சத் துணி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அடுத்த வாரம் போனால் அதே துணி இருக்காது. அதனால் ஒரே நாளில் முழுக் கணக்கோடு வாங்க வேண்டும். என் முதல் திரைச்சீலைக்கு இந்தக் கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டேன். பருத்தித் துணியைத் தைப்பதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். முதல் சலவையில் மூன்று அங்குலம் சுருங்கி, ஜன்னல்கள் ஒரு வருடம் அரைக்கால் சட்டையோடு நின்றன.

சொந்த வீட்டுக்குப் பிறகு தங்கை வீடு, அதற்குப் பிறகு சிநேகிதி ஒருத்தியின் வீடு. இரண்டும் பொருள் செலவுக்கு மட்டும். கூலி வாங்காவிட்டாலும் எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள், பின்னால் விலை சொல்ல அதுதான் ஆதாரம். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்து வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். வெளியே காட்டலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை வரிசையைத் தங்கை வீட்டில்தான் கற்றேன். உடைப்பது, ஒயரிங், தண்ணீர்க் குழாய், ஃபால்ஸ் சீலிங், சுவருக்குப் பட்டியும் முதல் கோட்டும், பிறகு மரவேலை, கடைசிக் கோட் பெயின்ட், விளக்கு, திரைச்சீலை. பெயின்டரை முன்னால் விட்டால் ஆசாரியின் தூசி சுவரில் ஒட்டும், ஆசாரியை முன்னால் விட்டால் எலக்ட்ரீஷியன் அலமாரியின் முதுகில் ஓட்டை போடுவார்.

சிநேகிதி வீட்டில் கற்றது வேறு. அலமாரிக்குள் ஒன்பது டிராயர். உள்திறப்பு 23½ அங்குலம். இரண்டு பக்கமும் டிராயர் ஓடும் சேனலுக்கு அரையரை அங்குலம் போக, டிராயர் பெட்டி இருபத்திரண்டரை. கணக்கு சரி. ஆபீஸ் பழக்கத்தில் அதை 22.5 என்று எழுதி ஆசாரி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் நாள் முழுக்க உட்கார்ந்து ஒன்பது பெட்டியும் அழகாகச் செய்து, சாயங்காலம் முதல் பெட்டியைச் செருகினார். பாதி வரை போய் நின்றது. அடுத்ததும் அப்படியே. சேனலைக் கழற்றி மாட்டிப் பார்த்தோம், மெழுகு தடவிப் பார்த்தோம். கடைசியில் பெட்டியை அளந்தால் ஒரு நூல் கூடுதல், ஒன்பதிலும்.

“அண்ணே, இருபத்திரண்டரைதானே எழுதியிருக்கேன்?”

“இல்லம்மா, நீங்க இருபத்திரண்டு அஞ்சுன்னு போட்டிருக்கீங்க.”

அவருக்குப் புள்ளிக்கு அந்தப் பக்கம் இருந்தது நூல். 22 அங்குலம் 5 நூல். அரை அங்குலம் என்றால் நாலு நூல். நான் கேட்டது அதுதான், எழுதியது அதுவல்ல. அவர் மேல் தப்பே இல்லை. ஒன்பது பெட்டியையும் பிரித்து இழைத்துச் சேர்க்க ஒன்றரை நாள் கூலி என் கையிலிருந்து போனது. அதற்குப் பிறகு என் வரைபடத்தில் புள்ளி கிடையாது. 22½ என்று எழுதி, பக்கத்தில் 572 மி.மீ. என்றும் எழுதுகிறேன். வேலை தொடங்கும் அன்று ஆசாரியிடம் வரைபடத்தைக் கொடுத்து அவரையே சத்தமாகப் படிக்கச் சொல்வேன். முதலில் சங்கடமாக இருந்தது. இப்போது அவரே, “படிக்கட்டுமாம்மா?” என்கிறார்.

இதுவரைக்கும் கைத்தொழில். வியாபாரம் ஆவது கொட்டேஷனில். கண்ணையும் கையையும் ஒரு வருடத்தில் பழக்கிவிடலாம், வாயைப் பழக்கத்தான் எனக்கு மூன்று வருடம் ஆனது. “சும்மா ஒரு நிமிஷம் வந்து பார்த்துட்டுச் சொல்லேன்” என்று கூப்பிடுவார்கள். போனால் மூன்று மணி நேரம், காபி, கேசரி, பிறகு நான் சொன்னதை வேறொருவரை வைத்துச் செய்துகொள்வார்கள். நேரில் வந்து பார்க்க ஆயிரம் ரூபாய், வேலை கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வேன் என்று ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். கூப்பிடுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வேலை குறையவில்லை.

விலை சொல்வதில் சதுர அடிக் கணக்குதான் ஊர் வழக்கம். ஏழுக்கு ஏழு அலமாரி என்றால் முகப்பு 49 சதுர அடி. ஆனால் அதற்குள் ஐந்து டிராயரா ஒரு டிராயரா என்பது முகப்பில் தெரியாது, விலையில் தெரியும். என் இரண்டாவது வாடிக்கையாளர் வீட்டில், “அலமாரி முழுசா இவ்வளவு ஆகும்” என்று வாயால் சொல்லிவிட்டேன். மேலே இருக்கும் பரணுக்குக் கதவு போடுவதும் அந்த ‘முழுசா’வில் சேர்த்தி என்று அவர் எடுத்துக்கொண்டார். ஏழுக்கு இரண்டு, பதினாலு சதுர அடி. வாக்குவாதம் செய்து பார்த்தேன். பிறகு பதினோராயிரம் ரூபாயை விழுங்கிக்கொண்டு செய்து கொடுத்தேன். பதினொரு வருடம் அடுத்தவர் வவுச்சரில் குறை கண்டுபிடித்தவளுக்கு இது தேவைதான்.

இப்போது என் கொட்டேஷன் நாலு பக்கம். பலகை எந்தத் தரம், எத்தனை மில்லிமீட்டர், உள்பக்கம் என்ன லேமினேட், கீல் மெதுவாக மூடுவதா சாதாரணமா, கைப்பிடி என்ன விலை வரைக்கும், எல்லாம் வரும். கடைசிப் பக்கம் முழுக்க எவையெல்லாம் இதில் சேராது என்ற பட்டியல்: பரண், பழைய சாமானை அகற்றும் கூலி, லிஃப்ட் இல்லாவிட்டால் ஏற்றுக்கூலி. டிசைனுக்குத் தனித்தொகை; அதை வாங்கிய பிறகுதான் வரைபடம் கைமாறும். மீதியைத் தவணையாக: பொருள் இறங்கும்போது, சட்டம் நின்றதும், கதவு மாட்டியதும். கடைசி பத்து சதவீதத்தை அவரிடமே விட்டு வைப்பேன், குறையெல்லாம் சரிசெய்த பிறகு வாங்கிக்கொள்ள. நடுவில் “அப்படியே இதையும்…” என்று ஆரம்பித்தால் அன்றிரவே வாட்ஸ்அப்பில் தொகையோடு எழுதிப் போட்டு, ‘சரி’ என்று பதில் வந்த பிறகுதான் ஆசாரியிடம் சொல்வேன்.

கடைக்காரர்கள் கமிஷன் தருவார்கள். வாங்கலாமா என்பதில் தொழிலில் இரண்டு கட்சி. நான் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் பில்லில் கழித்துவிடுகிறேன். உத்தமி என்பதால் இல்லை. கமிஷன் வாங்கிய கடையில் மட்டமான பலகை வந்தால் சண்டை போட வாய் வராது.

ஒரு கணக்கை மட்டும் ஆடிட்டர் ஆபீஸ்காரியாகச் சொல்கிறேன். பொருளையும் சேர்த்து ஆறு லட்சம் ரூபாய்க்கு நீங்களே பில் போட்டால் நாலு வீட்டில் 24 லட்சம். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 18 சதவீதம் போட வேண்டும். ஆரம்பத்தில் பலகை, லேமினேட், விளக்குக்கு வீட்டுக்காரரே கடையில் நேரடியாகப் பணம் கட்டட்டும், உங்கள் கூலிக்கு மட்டும் நீங்கள் பில் கொடுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு 2020-லிருந்து இணையத்தில் இலவசம். காசு கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு முதல் நாளே வேண்டும். வாடிக்கையாளர் கொடுத்த முன்பணமும் மளிகைக் காசும் ஒரே கணக்கில் கிடந்தால், பலகை வாங்கவேண்டிய அன்று பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியிருப்பீர்கள்.

வரும்படிக்கும் பஞ்சாங்கம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆவணியிலும் தையிலும் எல்லோருக்கும் ஒரே முகூர்த்தத்தில் வீடு தயாராக வேண்டும், பொங்கலுக்கு ஆசாரிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். தையில் முடியவேண்டிய வீட்டுக்கு ஐப்பசியிலேயே பலகை இறங்கியிருக்க வேண்டும். வாஸ்து பார்ப்பவரா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. வரைந்து முடித்த பிறகு ஒரு சித்தப்பா வந்து அடுப்பு கிழக்கு பார்க்கவில்லை என்றால் மொத்தமும் திரும்ப வரைய வேண்டும்.

ஒப்படைத்து ஆறு மாதம் கழித்து, கூப்பிடாவிட்டாலும் ஒரு தடவை போய் வாருங்கள். கீல் திருகெல்லாம் அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். போன மாதம் அப்படி மேடவாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு ஹெல்மெட் வைக்க ஐந்தடி உயரத்தில் மாடம் ஒன்று செய்திருந்தேன். உள்ளே சின்ன விளக்குகூட உண்டு. அதில் பித்தளைப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். ஒரு ஹெல்மெட் செருப்பு அலமாரியின் தலையில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்தார். ஒரு கையில் லேப்டாப் பை, ஒரு கையில் பால் பாக்கெட். ஷூவைக் கழற்றக் குனிந்தபோது முழங்கையில் மாட்டியிருந்த ஹெல்மெட் தானாகவே செருப்பு அலமாரி மேல் இறங்கியது. அவர் உள்ளே போனதும் டேப்பை எடுத்து அளந்தேன். தரையிலிருந்து 33 அங்குலம். நோட்டில் எழுதிக்கொண்டு, பிள்ளையாருக்குப் பின்னால் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, கீல்களைத் திருகத் தொடங்கினேன்.